பழைய பிக்அப்பின் கேபின்: முதல் பெயிண்ட் ஏன் உரிந்தது, இரண்டாவது எப்படி நின்றது

கேத்தி பாலாடாவிலிருந்து:

எங்கள் வண்டி 2004 மாடல் பிக்அப். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு நாலு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி ஏறும். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கேபினுக்குள் ஏறினாலே மனசு வாடிப்போகும். டேஷ்போர்டு வெயிலில் வெளுத்து, கைபட்டால் சாம்பல் மாதிரி பொடி ஒட்டும். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடு இரண்டும் அடியில் ஊறி உப்பி, ரெக்சின் சுருண்டு நின்றது. அதிலும் இடது கதவு ரொம்ப மோசம். காட்டேரி பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, கதவைத் தட்டித் தட்டித்தான் ஓரம் சொல்வார். இருபது வருஷம் தட்டிய தட்டு. பேடின் மேல்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரெக்சின் தேய்ந்து, உள்ளே இருந்த ஹார்ட்போர்டு அட்டை தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், அக்டோபரில், லோடு குறைந்திருந்த ஒரு வாரத்தில் நானே வேலையில் இறங்கினேன். சாம்பல் நிற ஸ்ப்ரே கேன் நாலு வாங்கினேன். பேனல்களை ஈரத்துணியால் துடைத்து, திண்ணையில் சாக்கு விரித்து அடித்தேன். வெளியே தூறல். பத்து நிமிஷத்தில் டேஷ்போர்டு மேல் பால் தெளித்த மாதிரி வெண்மை படர்ந்தது. சில இடங்களில் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி, குழி குழியாக நின்றது. கால் பக்கத்துப் பேனல்கள் மட்டும் புதுசு மாதிரி வந்தன. அதுவும் ஒரு மாதம்தான். நகம் பட்டதும் வெங்காயச் சருகு போல முழுத் தோலாக உரிந்து கையோடு வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு ஒரு குஷன் கடைக்குப் போனேன். சீட்டுக்கு விலை கேட்கத்தான் போனது. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். உரிந்த பேனலையும் ஆஷ்ட்ரே மூடியையும் காட்டினேன். அவர் உரிந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பேனலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏன் தம்பி, இத்தன வருசமா ஓட்டறீங்க, இதுக்குப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு பாத்ததில்லீங்களா?"

"இல்லீங்கய்யா."

எச்சில் தொட்டு, கட்டை விரலால் அழுக்கைத் தேய்த்தார். இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே, அச்சிலேயே வார்த்த சின்ன ஆங்கில எழுத்து: பிபி. ஆஷ்ட்ரே மூடியின் பின்னால் பார்த்தால் ஏபிஎஸ். "இதுல எதுவும் ஒட்டாதுங்க. அதுல எல்லாம் ஒட்டும், ஆனா தின்னர் பட்டா வெந்துபோகும். ரெண்டையும் ஒரே மாதிரி அடிச்சா எப்படிங்க நிக்கும்?"

அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிபி என்பது பாலிபுரோப்பிலீன், வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் சரக்கு. மெழுகு மாதிரியான மேல்தோல். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுகிற மாதிரி, பெயிண்ட் அதன்மேல் பரவினாலும் பிடிப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் பிபி பிரைமரை மெல்லிசாக ஒரு கோட்டு அடித்த பிறகுதான் கலர் அடிக்க வேண்டும். ஏபிஎஸ் வேறு வகைப் பிளாஸ்டிக், அப்படியில்லை. லேசாக உப்புத்தாள் போட்டாலே பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தால் மேற்பரப்பு கரைந்து, பிறகு வெடிப்பு விடும்.

குழி குழியாக வந்ததற்குக் காரணம் டேஷ்போர்டு பாலிஷ். அதில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். அப்பா ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பளபளவென்று தேய்த்து வைப்பார். இருபது வருஷத்துச் சிலிக்கான் ஈரத்துணிக்கு எங்கே போகும்? இதில் முக்கியமான ஒன்று உண்டு. கழுவுவதற்கு முன்னால் உப்புத்தாளைத் தொடவே கூடாது. தொட்டால் சிலிக்கானைக் கீறல்களுக்குள் நாமே தேய்த்துப் புதைத்த மாதிரி ஆகிவிடும்.

பால் மாதிரி வெளுத்தது நம் மலையின் ஈரம். ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் சில்லிட்டுப்போகும். காற்றில் இருக்கும் நீராவி அந்தக் குளிர்ந்த பெயிண்டின் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

அப்புறம் ஜனவரியில் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். அங்கேயும் ஒன்று பட்டுத்தான் தெரிந்தது. புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலை, ஏழு மணிக்கு டோர் பேடை இழுத்தேன். மூன்று கிளிப் டக் டக்கென்று முறிந்தன. பாலிபுரோப்பிலீன் 0 டிகிரியை நெருங்கும்போது வளையும் தன்மையை இழந்துவிடும். அதே கதவின் மற்ற கிளிப்கள், மத்தியானம் வெயில் ஏறியதும், ஒரு சத்தம் இல்லாமல் கழன்று வந்தன. அவசரம் என்றால் வெந்நீரில் பிழிந்த துணியைக் கிளிப் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு இழுங்கள்.

கண்ணாடி ஏற்றும் ஹேண்டிலுக்கு என் வண்டியில் ஸ்க்ரூ கிடையாது. பின்னால் ஒரு கம்பிக் கிளிப். ஒரு பழைய துணியை ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவே கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால் துணியின் நூலில் மாட்டிக் கிளிப் தெறித்து வந்துவிடும். மடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

பேடைக் கழற்றிய பிறகுதான் அது ஏன் ஊறியது என்பது தெரிந்தது. கதவுக் கண்ணாடியின் ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட், அந்த ஈரம் அட்டையைத் தொடாமல் காக்கும். என் வண்டியில் ஷீட் கிழிந்து பாதிதான் இருந்தது. அடி ஓட்டைகளில் கேரட் தோட்டத்துச் செம்மண் இறுகிக் கிடந்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன். ஒரு சொம்பு அளவுக்குச் செந்நீர் என் கால்மேல் கொட்டியது. மழை நின்று எத்தனை வாரம் ஆகியிருந்தது! இதைச் சரி செய்யாமல் எத்தனை புது பேடு மாட்டினாலும் இரண்டு மழைக்குத்தான் வரும்.

பழைய பேடை அளவாக வைத்து 5 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் ஷீட்டில் வரைந்து வெட்டினேன். அது தண்ணீர் குடிக்காது. ரெக்சினை ஒட்ட ஃபெவிகால் எஸ்ஆர் 998. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகுதான் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் குமிழ் விடும். இடது பேடின் மேல்விளிம்பில் மட்டும் உள்ளே மெல்லிசாக ஃபோம் வைத்து, ரெக்சினை இரட்டையாக மடித்துத் தைத்துவிட்டேன். தட்டுகிற கைக்கு அது வேண்டும்.

பெயிண்ட் வேலை பிப்ரவரியில். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருஷா வருஷம் என்பதால், அந்த வேலைக்காக வண்டி நின்ற நாட்களையே பயன்படுத்திக்கொண்டேன். பாத்திரம் விளக்கும் சோப்பு, நைலான் நார், மூன்று முறை கழுவல். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணி. துணியில் கறை வராதவரை துடைத்தேன். அதன் பிறகு 400 நம்பர் உப்புத்தாள், மறுபடி துடைப்பு, பிபி பேனல்களுக்கு பிபி பிரைமர், கடைசியில் கலர். பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் மட்டும் அடித்தேன். ஸ்ப்ரே கேனைக் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி எடுத்தால் தூறல் மெல்லிசாக வரும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கேன் வெடித்துவிடும். முதல் கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். கால் மணி நேர இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்டு. ஒரே தடவையில் மூட நினைத்துக் கனமாக அடித்தால் டேஷ்போர்டில் இருக்கும் தோல் வரியெல்லாம் நிரம்பி மொழுமொழுவென்று ஆகிவிடும்.

ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் மாட்டினேன். இப்போது இரண்டு பருவமழை தாண்டிவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்து, இடது பேடின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே கை போட்டு இரண்டு தட்டு தட்டினார்.

கூடலூரிலிருந்து:

அண்ணா, எங்களுக்கு ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை. குன்னூர்க்காரர்களுக்கு வேலை செய்யத் தோதான மாதங்களில் எங்களுக்குக் கொட்டும். நானும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வைத்துக்கொள்வேன்.

என் பிரச்சினை சீட்டில் வந்த பூஞ்சை. பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு, நனைந்த உடம்போடு ஏறி உட்காருவோம். ரெக்சின் மேலே வந்த பூஞ்சையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போய்விடும், ஆனால் பத்தே நாளில் திரும்பி வரும். தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், ஃபோம் முழுக்க ஊறியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது ஃபோமின் அடிப்பக்கம் கறுத்து, பிடித்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. ஃபோமைக் காயவைத்துக் காப்பாற்ற முடியாது, தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். அந்தப் பூஞ்சையைத்தான் நாள் முழுக்கச் சுவாசிக்கிறோம். நான் ஃபோம் மாற்றி, ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலிதீன் ஷீட்டும் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். மூன்றாவது வருஷம் போகிறது, பூஞ்சை இல்லை.

கோத்தகிரியிலிருந்து:

நான் அழகுக்காக டேஷ்போர்டு முழுவதையும் கிரீம் கலரில் அடித்தேன். வேலை சுத்தமாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வாரம், சாயங்காலம் நாலரை மணி, எதிர்வெயில். டேஷ்போர்டின் வெளிர் நிறம் முன்கண்ணாடியில் அப்படியே பிரதிபலித்து, பாதிக் கண்ணாடி வெள்ளைத் திரை மாதிரி நின்றது. வளைவில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு காட்டெருமை ரோட்டில் இறங்கி நின்றிருக்கிறது. அது தலையைத் திருப்பிய அசைவில்தான் எனக்குத் தெரிந்தது. பத்தடி இருக்கும், பிரேக் பிடித்து நின்றேன். கூடவே வந்த மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மறுநாளே டேஷ்போர்டின் மேல்பகுதியைக் கரும்சாம்பல் மேட் (பளபளப்பில்லாத) நிறத்துக்கு மாற்றினேன். வெளிர் நிறம் ஆசையாக இருந்தால் கதவிலும் கால் பக்கத்திலும் அடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குக் கீழே மட்டும் கறுப்பும் மேட்டும்தான். பளபள பாலிஷும் இதே வேலையைத்தான் செய்யும்.

பூம்பாறையிலிருந்து:

நான் கொடைக்கானல் பக்கம். எங்கள் லோடு மலைப்பூண்டு, வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. மழை நாளில் மூட்டைகளைக் கேபினுக்குள்ளும் வைத்துவிடுவோம். கலர் எனக்குப் பிரச்சினையே இல்லை, வாசம்தான். சீட் மாற்றினேன், பேடு மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால் வாசம் தலைக்கு மேலே இருந்தது. ரூஃப் லைனிங் துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும். அது வாசத்தையும் ஈரத்தையும் குடித்துவைத்துக்கொள்ளும், பழசானால் மாவாகி உதிரும். துணி தொங்குவதும் அதனால்தான். பசை போய்விட்டது என்று நினைத்து மேலாக ஒட்டினால் நிற்காது, ஒட்டுவது மாவின் மேல்தானே. லைனிங் போர்டையே வெளியே எடுத்து, பழைய ஃபோமை பிரஷ்ஷால் முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி ஒட்டினேன். சுரண்டும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

கேத்தி அண்ணனுக்கு ஒரு கேள்வி. என் பேனலில் பின்னால் எழுத்தே இல்லை. பின்பக்கம் கொஞ்சம் சீவித் தண்ணீரில் போட்டால் பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும் என்கிறார்கள். நம்பலாமா?

கேத்தி பாலாடாவிலிருந்து:

மிதந்தால் நம்பலாம், தம்பி. தண்ணீரைவிட பிபி எடை குறைவு, ஏபிஎஸ் கொஞ்சம் கூடுதல். ஆனால் மூழ்கினால் அதை ஏபிஎஸ் என்று முடிவுகட்டாதீர்கள். வண்டிப் பேனல்களில் பிபியோடு டால்க் என்ற கல்மாவு கலப்பது உண்டு. நூற்றுக்கு இருபது பங்கு கலந்தால் அதுவும் மூழ்கும். என் பேனல் ஒன்றில் பிபி டி20 என்றே இருந்தது, டம்ளரில் போட்டதும் அடிக்குப் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் பிபி பிரைமர் அடித்துவிடுங்கள். முதலில் மறைவான ஒரு மூலையில் அடித்து, இரண்டு நாள் கழித்து டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் கலர் வராவிட்டால் மீதியை அடிக்கலாம்.

கோத்தகிரி நண்பர் சொன்னதைப் படித்ததும் எழுந்துபோய் என் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு வந்தேன். சாம்பல்தான், ஆனால் கொஞ்சம் வெளிர். வருகிற பிப்ரவரியில் மேல்பகுதியை மட்டும் கறுப்பாக்கிவிடுகிறேன்.