புதிதறி மாசு: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

தொழிற்சாலைகளிலிருந்து நீரிலும் மண்ணிலும் கலக்கும் ஃபுளூரின் சேர்மங்களைப் பற்றி எழுதும்போது, அண்மையில்தான் கவனத்துக்கு வந்த மாசைக் குறிக்கும் 'எமர்ஜிங் பொல்யூட்டன்ட்' என்பதற்கு 'வளர்ந்துவரும் மாசு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இவ்விழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'வளர்ந்துவரும் நாடுகள்' என்ற வழக்கு நம் காதில் ஊறிவிட்டதால், அதே அடைமொழியை மாசின் முன் காண்பவர், மாசின் அளவு கூடிக்கொண்டே போகிறது என்றுதான் பொருள் கொள்வார். 'புதிய மாசு' என்பதிலும் சிக்கல் உண்டு.

சீனாவில் குரோமிய முலாம் பூசும் ஆலைகளில், தொட்டியிலிருந்து எழும் அமிலச் சாரலை அடக்குவதற்காக எஃப்-53பி என்ற ஃபுளூரின் சேர்மம் 1970களிலிருந்தே பயன்பட்டு வந்தது. அது ஆலைக் கழிவுநீரிலும் அதனை ஏற்கும் ஆற்றுநீரிலும் இருப்பதை எடுத்துக்காட்டிய முதல் ஆய்வுக் கட்டுரை 2013இல்தான் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்திலிருந்த ஒன்றைப் புதியது என்று எப்படிச் சொல்வது? புதிதாக வந்தது அதைப் பற்றிய நம் அறிவுதான். ஆங்கிலத்திலும் 'எமர்ஜிங் கன்சர்ன்' என்று விரித்துச் சொல்லும்போது, எழுவது கவலையே என்பது தெளிவாகிவிடுகிறது.

ஆகவே, 'புதிதறி மாசு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினைத்தொகை முக்காலத்தையும் உள்ளடக்கும் என்பதால், அண்மையில் அறிந்ததும், இப்போது அறிந்துகொண்டிருப்பதும், இனி அறியப்போவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். மாசா அறிகிறது என்று ஒருவர் கேட்கலாம். குடிநீர் என்ற சொல்லில் குடிப்பது நீரன்று; நீர் அங்கே செயப்படுபொருள். மாசும் இங்கே அப்படித்தான் நிற்கிறது.

இச்சொல்லோடு சேர்த்துத் தீர்க்க வேண்டிய இன்னொரு சொல்லும் உண்டு; அது இத்தகைய மாசுகளைத் தேடிக் கண்டறியும் முறையின் பெயர். வழக்கமான சோதனையில், ஆய்வகம் முன்கூட்டியே ஒரு பட்டியலை வகுத்து, அதிலுள்ள சேர்மங்களின் அயனிகளை மட்டும் பிடிக்குமாறு நிறைமாலைமானியை, அதாவது அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியை, அமைக்கிறது. பட்டியலில் இல்லாதது கருவியைக் கடந்து போனாலும் பதிவாவதில்லை. பட்டியல் இல்லாமல் தேடும் முறைக்கு ஃபுளூரினின் நிறையே துணை செய்கிறது. ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.0078, ஃபுளூரினின் நிறை 18.9984, அதாவது முழு எண்ணுக்குச் சற்றே கீழே. அதனால், ஹைட்ரஜன் நிறைந்த சாதாரணக் கரிமச் சேர்மங்கள் 413.2, 413.3 என்று முழு எண்ணுக்கு மேலே விழும் இடத்தில், பி.எஃப்.ஓ.ஏ. என்ற, எட்டுக் கார்பன் கொண்ட ஃபுளூரின் அமிலத்தின் அயனி 412.9664இல் தனித்து நிற்கிறது. அதன் கார்பன் சங்கிலியில் ஒரு கார்பனும் இரண்டு ஃபுளூரினும் குறைந்தால் 362.9696, இன்னும் ஒரு கண்ணி குறைந்தால் 312.9728. 49.9968 என்ற இதே இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும் புள்ளிகளைக் கண்டால், பெயர் தெரியாத நிலையிலும் ஃபுளூரின் குடும்பம் ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் ஊகித்துவிடுகிறார்.

இம்முறையை 'இலக்கிலாப் பகுப்பாய்வு' என்று எழுதுகிறார்கள். இலக்கில்லாமல் அலைவது போன்ற தொனி அதில் இருப்பது இவ்வளவு நுட்பமான உழைப்புக்குப் பொருந்தவில்லை. 'குறியாத் தேடல்' என்று முதலில் எண்ணினேன். ஆனால் 'குறியாய்த் தேடுதல்' என்று கேட்கும்போது நேர்மாறான பொருள் வந்துவிடுகிறது. 'பட்டியல் தேடல்', 'பட்டியல்சாராத் தேடல்' என்ற இணையே எனக்குச் சரியாகப் படுகிறது. சங்கிலி முழுதும் ஃபுளூரின் ஏறியவற்றுக்கும் பகுதி மட்டும் ஏறியவற்றுக்கும் 'முழுஃபுளூரோ', 'பல்ஃபுளூரோ' என்று முன்னரே இங்கே பேசி முடிவானவை போதும்.

சொற்களை ஒரு தொடரில் வைத்துப் பார்க்கிறேன்: "அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓடும் கேப் ஃபியர் ஆற்றுநீரில், ஃபுளூரின் ஏறிய ஈதர் அமிலங்கள் பலவற்றைப் பட்டியல்சாராத் தேடலின் வழியே இனங்கண்ட ஆய்வு 2015இல் வெளியானது, அவை அன்றைய புதிதறி மாசுகள்." வேதியியல் படிக்காத ஒருவருக்கு இத்தொடர் தடையின்றிப் புரிகிறதா என்பதையும், 'புதிதறி மாசு' என்பதைப் பிரித்தே எழுதலாமா, சேர்த்து எழுத வேண்டுமா என்பதையும் பற்றி உங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.