நான்காவது ஹோஸ்டில் மட்டும் ஐஸ்கஸி வட்டு அடிக்கடி உறைகிறது. மல்டிபாத் இரு பாதையும் நலம் என்கிறது

பாயான்பாருவாசி:

வணக்கம். மூன்று நாளாக ஒரே ஒரு ஹோஸ்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பழக்கப்பட்டவர்கள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பினாங்கில் மூன்று கிளினிக்குகளுக்கான தனி கிளவுட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பாயான் லெப்பாஸில் சிறிய சர்வர் அறை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் ஐந்து ஹோஸ்டுகள் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர்கள்), ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே வட்டைத் தரும் முறை) வழியாக வட்டு கொடுக்கும் ஒரு சேமிப்பகம், நடுவில் 10 கிகாபிட் ஸ்விட்சுகள் இரண்டு. ஒவ்வொரு ஹோஸ்டிலிருந்தும் ஸ்விட்ச் ஏ-வுக்கு ஒரு கேபிள், பி-க்கு ஒரு கேபிள். இந்த இரு பாதைகளையும் ஹோஸ்டில் ஓடும் மல்டிபாத் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. சேமிப்பகப் போக்குவரத்துக்குத் தனி விலான்கள் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்குகள்), எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 9000 பைட்.

சனிக்கிழமை இரவு, பழுதான ஸ்விட்ச் பி-யை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். ஞாயிறு கிளினிக் இல்லை, யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜார்ஜ்டவுன் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. நோயாளியின் பெயரைத் தட்டிச் சேமித்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்து உயிர் வருகிறது. சற்று நேரத்தில் மறுபடி நிற்கிறது. இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்த முதியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அந்தக் கிளினிக்கின் மெய்நிகர் கணினியை நான்காவது ஹோஸ்டிலிருந்து இரண்டாவது ஹோஸ்டுக்கு நகர்த்தியதும் எல்லாம் சரியானது. ஆக, குறை நான்காவது ஹோஸ்டில்தான்.

பிங் இரு பாதையிலும் ஒன்றுகூடத் தவறாமல் போகிறது. ஐஸ்கஸிக்கான 3260 போர்ட் திறந்திருக்கிறது. லாகின் ஆகிறது, வட்டின் அளவும் சரியாகத் தெரிகிறது. பி பக்கக் கேபிளையும், அதன் முனையில் செருகும் எஸ்எஃப்பி தொகுதியையும் மாற்றிவிட்டேன். ஆனால் கெர்னல் லாக்கில் ஐந்து விநாடிக்குள் பதில் வரவில்லை, பிழை எண் 1022 என்று பதிவாகிறது. உடனே மறுபடி லாகின், பாதை மீண்டது என்று ஒரு வரி, அப்புறம் மறுபடியும் 1022. எல்லாம் பி பாதையில் மட்டுமே. பேக்கப்புக்கான என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வு இதே ஹோஸ்டிலிருந்து ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. அது மேலாண்மை நெட்வொர்க்கில், எம்டியூ 1500-இல் இருக்கிறது.

இனி எங்கே பார்ப்பது?

பிறைக்காரன்:

நான்காவது ஹோஸ்டை இன்னொன்றிலிருந்து குளோன் எடுத்தீர்களா? குளோன் எடுக்கும்போது ஐஸ்கஸி இனிஷியேட்டர் பெயர் (சேமிப்பகத்திடம் ஹோஸ்ட் தன்னை அடையாளம் சொல்லும் பெயர்) இருக்கும் கோப்பும் சேர்ந்து நகலாகிவிடும். ஒரே பெயரில் இரண்டு ஹோஸ்டுகள் வந்தால், சேமிப்பகம் பழைய இணைப்பை வெட்டிவிட்டுப் புதியதை ஏற்கும். வெட்டுப்பட்டவர் திரும்பி வந்து மற்றவரை வெட்டுவார். எங்கள் இடத்தில் இரண்டு வாரம் இதனால் தூக்கம் போனது. பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாயான்பாருவாசி:

நன்றி அண்ணே. இப்போதுதான் பார்த்தேன், ஐந்திலும் ஐந்து வெவ்வேறு பெயர்கள். பெயர் மோதல் என்றால் இன்னொரு ஹோஸ்டும் சேர்ந்து தவித்திருக்க வேண்டும். மற்ற நான்கின் லாக்கும் சுத்தமாக இருக்கிறது.

செந்தூல் அக்கா:

தம்பி, பிங் போகிறது என்றீர்களே, எத்தனை பைட்டில் அனுப்பினீர்கள்? சொல்லாமல் விட்டால் லினக்ஸ் 56 பைட் சரக்குதான் அனுப்பும். எம்டியூ 9000 உள்ள பாதையை 56 பைட்டால் சோதிக்க முடியாது. துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு, சரக்கு அளவை 8972 என்று கொடுத்து, பி பக்க இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். 9000-இல் ஐபி தலைப்பு 20, பிங்கின் ஐசிஎம்பி தலைப்பு 8 கழிந்தால் 8972. அது போகாவிட்டால் 1472 கொடுத்துப் பாருங்கள். செய்தி மிக நீளம் என்று உடனே பதில் வந்தால் குறை உங்கள் ஹோஸ்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பதிலே இல்லாமல் மௌனமாக இருந்தால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள்.

லாகின் ஆகிறதே என்று நம்பிவிடாதீர்கள். லாகின் பேச்சு, வட்டின் அளவைக் கேட்பது எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்கள். இரு முனையும் 9000 என்று வைத்திருப்பதால், டிசிபி (ஐஸ்கஸி தரவைச் சுமக்கும் நெட்வொர்க் விதிமுறை) பெரிய பொட்டலங்களாகவே அனுப்ப ஒப்புக்கொண்டுவிடும். நடுவில் இருக்கும் ஸ்விட்ச் ரூட்டர் அல்ல. பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு என்று திருப்பிச் சொல்லாது. வாய் திறக்காமல் கீழே போட்டுவிடும். டிசிபி அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சின்ன நலவிசாரணைச் செய்தியும் போய்ச் சேராது. அதுதான் உங்கள் 1022.

மல்டிபாத் ஏன் நலம் என்கிறது தெரியுமா? அதன் சோதனைக் கட்டளை, நீ தயாரா என்று வட்டைக் கேட்பது மட்டும்தான். சில பைட். மறுலாகின் ஆனதும் அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிடும், உடனே பாதையைத் திரும்பச் சேர்த்துவிடும், மெய்நிகர் கணினி அங்கே எழுதப் போகும், மறுபடி நிற்கும். பாதை முழுதாகச் செத்திருந்தால் ஏ பாதையிலேயே ஓடியிருக்கும், உங்கள் முதியவர்கள் காத்திருந்திருக்க மாட்டார்கள். அரை உயிரோடு இருக்கும் பாதைதான் ஆபத்து.

பாயான்பாருவாசி:

அக்கா, 1472 போகிறது. 8972-க்கு மௌனம். ஏ பக்கம் இரண்டும் போகின்றன.

ஸ்விட்ச் பி-யில் நுழைந்து நான்காவது ஹோஸ்டின் போர்ட்டைப் பார்த்தேன். அது 14-ஆம் போர்ட். அளவு மீறிய பொட்டலங்களின் எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கிறது. நான் பிங் அனுப்ப அனுப்ப அந்த எண் என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக ஏறியது. இந்த ஸ்விட்சில் ஜம்போ (பெரிய பொட்டலங்களை அனுமதிக்கும்) அமைப்பு போர்ட்டுக்குப் போர்ட் தனியாக இருக்கிறது. எங்கள் அமைப்புக் கோப்பில் 1 முதல் 12 வரைதான் 9216 கொடுத்திருந்தோம். சனிக்கிழமை இரவு நான்காவது ஹோஸ்டின் கேபிள் பழைய இடத்துக்கு எட்டவில்லை என்று 14-இல் செருகியது நான்தான்.

பட்டர்வொர்த் ராசா:

கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: மூன்று கிளினிக்கின் பதிவேட்டுக்கு 9000 எதற்கு? நாங்கள் எல்லா இடத்திலும் 1500-க்கே இறக்கிவிட்டோம். இன்றைய நெட்வொர்க் அட்டைகள் பொட்டலம் பிரிக்கும் வேலையைத் தாங்களே செய்துகொள்கின்றன. வேகத்தில் பெரிய இழப்பு தெரியவில்லை. இந்த மாதிரித் தொல்லை அடியோடு போய்விட்டது.

செந்தூல் அக்கா:

ராசா சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாகக் கட்டும்போது நானும் 1500-இல்தான் தொடங்குவேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சேமிப்பகத்தில் எம்டியூவை மாற்றினால் பலவற்றில் இணைப்புகள் அறுபட்டு மீளும். அதை ஒரு பராமரிப்பு இரவில், எல்லா மெய்நிகர் கணினிகளையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள் தம்பி. அதுவரை 8972 பிங்கை ஒவ்வொரு ஹோஸ்டிலிருந்தும் இரு பாதையிலும் கண்காணிப்பில் போட்டுவையுங்கள். 56 பைட் பிங்கை மட்டும் கண்காணித்தால் பலகை பச்சையாகவே இருக்கும்.

பாயான்பாருவாசி:

நேற்றிரவு பதினொரு மணிக்கு முதலில் பி பாதையை மல்டிபாத்திலிருந்து விலக்கினேன். 14-ஆம் போர்ட்டில் 9216 வைத்து, 8972 பிங்கை பத்து நிமிடம் விட்டு, ஒன்றும் தவறவில்லை என்று பார்த்த பிறகே பாதையைத் திரும்பச் சேர்த்தேன். இன்று காலை ஏழே கால் மணிக்கே சர்வர் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணி வரை லாக்கில் ஒரு 1022-கூட வரவில்லை. கிளினிக் முகப்பில் இருக்கும் அக்கா, இன்று திரை நிற்கவே இல்லை என்று தாமே அழைத்துச் சொன்னார்.

ஸ்விட்ச் ஏ-வையும் திறந்து பார்த்தேன். அங்கும் 13 முதல் 24 வரை 1500-தான். கேபிள் ஏதும் இல்லாத போர்ட்டுகள் என்றாலும் எல்லாவற்றையும் 9216 ஆக்கி, அமைப்பைச் சேமித்துவிட்டேன். 1500-க்கு இறக்குவது பற்றி, தீபாவளி விடுமுறையில் கிளினிக் மூடியிருக்கும்போது செய்யலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.