கிரீஸின் ஆண்ட்ரோஸ் தீவில் பழைய நடைபாதைகளைச் சீரமைக்கிறவர்களைச் சந்தித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

போன ஏப்ரல். டிபோடமாட்டா பள்ளத்தாக்கில் பழைய மாவு ஆலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். படம் எடுக்கலாம் என்று, சரிந்து கிடந்த மதில் ஓரத்தில் தட்டைக் கல்லாக ஐந்தாறு பொறுக்கி அடுக்கினேன். கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதிருக்கும், ஓர் அம்மா எழுந்து வந்தார். திட்டவில்லை. என் அடுக்கிலிருந்து மேல்கல்லை எடுத்து மதிலில் இருந்த ஓட்டையில் வைத்தார். ஆடியது. திருப்பி வைத்து, விரல் பருமனில் ஒரு சில்லை அடியில் செருகி, உள்ளங்கையால் அழுத்தினார். அசையவில்லை. அடுத்த கல்லை என்னிடம் நீட்டினார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சைகை காட்டிவிட்டு நான் வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

*

நான் ஒரு நாள் அவர்களோடு நின்றேன். ஆபிக்கியா ஊருக்கு மேலே. பாதை என்றார்கள், எனக்கு முட்புதர் மட்டும்தான் தெரிந்தது. மத்தியானம் கத்தரி ணங்கென்று கல்லில் பட்டது. மண்ணை விலக்கினால் கழுதை நடக்கப் பாவிய படி, விளிம்பில் கல் வரிசை. கல்தெரீமி என்று அங்கே சொல்லும் பழைய கல் பாதை அதுதான். அந்த வழியாக வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், சின்ன வயதில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு இதில்தான் போனோம் என்றாராம், கூட இருந்தவர் சொன்னார். நாங்கள் கிளம்பும்போதும் அவர் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

*

முதலில் எழுதியவருக்கு: கல் அடுக்குவதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு கிரேக்கத் தீவான நாக்ஸோஸில் ஸாஸ் மலை 1,000 மீட்டருக்கு மேல். மேகம் இறங்கியபோது எனக்கு வழி காட்டியது மூன்று கல் அடுக்குதான். மதில் கல்லை எடுப்பதுதான் தப்பு. சாந்து இல்லாமல் அடுக்கிய மதில் அது. ஒரு கல் போனால் பக்கத்துக் கல் தளரும், அடுத்த மழையில் மேலே உள்ள படிவயல் மண்ணெல்லாம் பாதைக்கு வந்துவிடும். இப்படிச் சாந்தில்லாமல் மதில் கட்டும் கலையை யுனெஸ்கோ 2018-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிரீஸும் அதில் உண்டு.

அப்புறம், போகிறவர்கள் முழுக்கால் சட்டை போடுங்கள். ஆட்டுக்கான கம்பிக் கதவு வழியில் வரும், திறந்தால் அதே மாதிரி கட்டிவிட்டுப் போங்கள். பாறையில் சாயத்தால் அம்புக்குறி போடாதீர்கள், சிவப்பு வெள்ளை எண் பலகையே போதும். ஒரு சின்னக் கத்தரி பையில் இருக்கட்டும். முகத்தில் படுகிற கிளையை மட்டும் வெட்டினாலே பின்னால் வருகிறவருக்கு உதவி. ஆண்ட்ரோஸில் 100 கிலோமீட்டர் பாதை 2015-இல் ஐரோப்பியத் தரச் சான்று வாங்கியது. வருஷா வருஷம் வெட்டாவிட்டால் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

மேலே சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் வைத்ததென்று தெரியாத அடுக்கை நம்பித்தான் நாங்கள் ஆட்டுத்தடத்தில் இறங்கி, இருட்டும்வரை முள்ளில் மாட்டிக்கொண்டோம். என் மகள் அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வழி காட்டும் அடுக்கைப் பாதையைப் பராமரிக்கிறவர்கள் மட்டும் வைக்கட்டும்.

முதலில் எழுதியவரே, அந்த ஓட்டை எந்த எண் பலகைக்குப் பக்கத்தில்? மே மாதம் போகிறேன். பார்த்துச் சொல்கிறேன்.