லேசர் கற்றை தூரம் போகப் போக விரிகிறது, எந்த லென்ஸ் போடலாம்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் டயோடு மாட்யூல். பக்கத்தில் 3 மி.மீ. இருக்கும் புள்ளி, 30 மீட்டர் தள்ளி 5 செ.மீ. ஆகிவிடுகிறது. 100 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸை முன்னால் வைத்தேன். எதிர்ச்சுவரில் புள்ளியே காணோம். என்ன செய்யலாம்?

பதில் 1:
அந்த லென்ஸ் கற்றையை 10 செ.மீ.யில் குவித்துவிடும். அப்புறம் முன்னைவிட வேகமாக விரிந்து, 30 மீட்டரில் கிட்டத்தட்ட 90 செ.மீ. அகலத்துக்குப் பரவியிருக்கும். மங்கிப்போனது அதனால்தான். முதலில் மாட்யூலின் முனையைப் பாருங்கள். பலவற்றில் உள்ளே இருக்கும் லென்ஸைத் திருகித் திருப்ப முடியும். தூரத்துச் சுவரில் புள்ளியைக் கவனித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

பதில் 2:
அதைச் செய்தும் போதாவிட்டால் இரண்டு லென்ஸ் தேவை. கற்றையை எத்தனை மடங்கு அகலமாக்குகிறோமோ, விரிவு அத்தனை மடங்கு குறையும். -25 மி.மீ. குழிலென்ஸ் லேசர் பக்கம், 100 மி.மீ. குவிலென்ஸ் வெளிப்பக்கம், இடைவெளி 75 மி.மீ.: இது 4 மடங்கு. இப்போது உங்கள் விரிவு சுமார் 1.6 மில்லிரேடியன் (அதாவது மீட்டருக்கு 1.6 மி.மீ. அகலமாகிறது), அது 0.4 ஆகும். 12 மி.மீ. அகலத்தில் கிளம்பும் கற்றை 30 மீட்டரில் 24 மி.மீ.தான் இருக்கும். ஒருபக்கம் தட்டையான லென்ஸ்கள் என்றால், குழிந்த பக்கம் லேசரைப் பார்க்கட்டும், குவிந்த பக்கம் சுவரைப் பார்க்கட்டும்.

அறவே விரியாமல் செய்ய யாராலும் முடியாது. 1969-ல் அப்போலோ 11 நிலாவில் வைத்த பிரதிபலிப்பானுக்கு லேசர் அனுப்புகிறவர்கள் பெரிய தொலைநோக்கி வழியாகத்தான் கற்றையை அகலமாக்கி அனுப்புகிறார்கள். அப்படியும் அது நிலாவைத் தொடும்போது கிலோமீட்டர் கணக்கில் விரிந்துவிடுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. முனையைத் திருப்பியதிலேயே 3 செ.மீ.க்கு வந்துவிட்டது! ஆனால் புள்ளி நீள்வட்டமாக இருக்கிறதே?

பதில் 2:
அது டயோடின் இயல்பு. ஒளி வெளிவரும் வாய் மெல்லிய கீற்று. அது குறுகலாக இருக்கும் திசையில் ஒளி அதிகம் விரியும். வட்டமாகவே வேண்டுமென்றால் உருளை லென்ஸ் ஜோடியோ பட்டக ஜோடியோ போட வேண்டும். சுவரில் குறி வைக்க மட்டும்தான் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

லென்ஸ்களைப் பொருத்தும்போது, துளையிட்ட அட்டையை லேசர் முன்னால் வையுங்கள். லென்ஸ் பரப்பில் பட்டுத் திரும்பும் மங்கலான புள்ளிகள் துளையிலேயே வந்து விழுந்தால் எல்லாம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் திரும்பும் ஒளியும் கண்ணில் படக்கூடாது. எல்லாவற்றையும் கண்மட்டத்துக்குக் கீழேயே அமையுங்கள். 75 மி.மீ. இடைவெளியை உடனே ஒட்டிவிடாதீர்கள். சுவரில் புள்ளி மிகச் சிறியதாகும் வரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிறகு ஒட்டுங்கள்.