ஸ்கோர்ஸ்பிசுண்ட் கப்பல் பயணம்: ஆகஸ்டா, செப்டம்பரா? இட்டொக்கொர்டூர்மீட் கிராமத்தில் எப்படி நடந்துகொள்வது?

தெற்குக்காற்று:

ஐஸ்லாந்தில் ஏறி, கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பிசுண்ட் ஃபியோர்டுக்குள் போய்த் திரும்பும் கப்பலில் இருவருக்கு இடம் பிடிக்கப் பார்க்கிறோம். ஒருவருக்கு வயது 64, முழங்கால் வலி உண்டு. இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். கையில் இரண்டு வாய்ப்புகள்: ஆகஸ்ட் முதல் வாரம், 190 பயணிகள் கொண்ட கப்பல். செப்டம்பர் இரண்டாம் வாரம், 100 பேருக்கும் குறைவான கப்பல், விலை கூடுதல். இரண்டிலும் ஒவ்வொரு நாளுக்கும் எந்தத் தீவு, எந்தக் கரை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பலாமா? ரப்பர் படகில் ஏறி இறங்க முழங்கால் தாங்குமா? கிராமத்தில் அரை நாள் இருக்கிறது, அங்கே எதைச் செய்யக் கூடாது? விசா, காப்பீடு பற்றியும் சொல்லுங்கள்.

பனித்திட்டு:

அச்சடித்த நாள்வரிசையை ஓர் ஆசைப்பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வழியை முடிவு செய்வது பனி. அதிலும் இரண்டு வகைப் பனியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து கிழக்கு கிரீன்லாந்து நீரோட்டம் தெற்கே இழுத்து வரும் கடற்பனி. டேனிஷ்காரர்கள் அதை 'ஸ்டோர்இஸ்' என்பார்கள். பல ஆண்டு உறைந்து கெட்டிப்பட்ட பாளங்கள் அவை. ஃபியோர்டின் வாயை ஆண்டில் சுமார் ஒன்பது மாதம் அடைத்து வைப்பது இதுதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் உள்ளே நீர் திறந்திருந்தாலும் வாசலில் இந்தப் பட்டை கிடக்கலாம். கிழக்குக்காற்று இரண்டு நாள் அடித்தால் பாளங்கள் கரையோடு நெருங்கிவிடும், கிராமத்தில் இறங்க முடியாது. இன்னொன்று, டௌகார்டு ஜென்சன் போன்ற பனியாறுகள் உடைத்துவிடும் பனிப்பாறைகள். இவை உள் ஃபியோர்டில் எப்போதும் உண்டு. செந்தீவுக்கு (ரோட ஓ) அருகே தரைதட்டிக் கூட்டமாக நிற்கும். கப்பல் இவற்றைச் சுற்றிப் போய்விடும், தடை பெரும்பாலும் முதல் வகைதான்.

டென்மார்க் வானிலை நிறுவனம் வெளியிடும் பனி வரைபடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பனி எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைப் பத்தில் எத்தனை பங்கு என்று குறித்திருப்பார்கள். பத்துக்கு மூன்று வரை சிக்கலில்லை. பத்துக்கு ஏழு, எட்டு என்றால் சாதாரண பயணக் கப்பல் திரும்பிவிடும். கடந்த நான்கைந்து ஆண்டுகளின் ஆகஸ்ட் முதல் வார வரைபடங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

என் ஓட்டு செப்டம்பருக்கு. வாசல் திறந்திருக்கும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். இரவு இருட்டுவதால் வானம் தெளிந்தால் வடதுருவ ஒளி தெரியும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த அட்சரேகையில் இரவே முழுதாக இருட்டாது, ஒளிக்கு வாய்ப்பில்லை. குட்டை வில்லோவும் பிர்ச்சும் செப்டம்பரில் சிவந்து பழுத்து நிற்கும். கொசுவும் ஓய்ந்திருக்கும்.

நங்கூரம்:

செப்டம்பர் சரிதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வடக்கு ஐஸ்லாந்தின் ஆக்குரேரி துறைமுகத்திலிருந்து ஃபியோர்டு வாய்வரை ஏறக்குறைய 300 கடல் மைல். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணையில் இலையுதிர்காலப் புயல்கள் அப்போதே தலைகாட்டத் தொடங்கும். கடல்மயக்கத்துக்கு மாத்திரை போடுபவர் கப்பல் ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, துறைமுகம் விடுவதற்கு முன்பே போட வேண்டும். 64 வயதுக்காரர் வேறு மருந்து சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கட்டும். மேல்தளத்து பால்கனி அறைதான் அதிகம் ஆடும், விலையும் அதற்குத்தான் அதிகம்!

கப்பலைப் பற்றி விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பனி வகுப்பு, அதாவது பனியைத் தாங்கும் வலிமைத் தரம், என்ன? ஸோடியாக் என்னும் ரப்பர் படகுகள் எத்தனை, எல்லாப் பயணிகளும் ஒரே வேளையில் வெளியே போக முடியுமா? 190 பேர் கப்பலில் பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மீதிப் பேர் கப்பலிலேயே காத்திருக்கும் ஏற்பாடு சகஜம். அதே நாள், அதே ஃபியோர்டு, ஆனால் கரையில் கிடைக்கும் நேரம் பாதி. கூடுதல் விலை கொடுப்பது அந்த நேரத்துக்குத்தான்.

நல்ல கப்பலானாலும் ஆழம் முழுதாக அளக்கப்படாத நீர் அங்கே நிறைய உண்டு. 2023 செப்டம்பர் 11 அன்று இன்னும் வடக்கே ஆல்ப் ஃபியோர்டில் 206 பேரோடு ஒரு பயணக் கப்பல் தரைதட்டியது. ஏற்றநீரில் தானாக மிதக்குமா என்று பார்த்தார்கள், மிதக்கவில்லை. கடற்படைக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கடைசியில் மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று 14ஆம் தேதி இழுத்து விடுவித்தது. யாருக்கும் காயமில்லை. உதவி வர நாள்கணக்கு ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

துடுப்பு:

முழங்கால் பற்றி. ஸோடியாக்கில் உட்காருவது சுலபம், சிரமமெல்லாம் கப்பலிலிருந்து அதில் இறங்கும்போதுதான். சில கப்பல்களில் பக்கவாட்டில் தொங்கும் செங்குத்தான படிக்கட்டு, சிலவற்றில் நீர்மட்டத்துக்குச் சமமான கதவு. உங்களுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இறங்கும் முறை இது. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கேமரா பைக்குள். மாலுமியின் முன்கையை நீங்கள் பிடிக்க, அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பார். விரலோடு விரல் கோத்தால் ஈரத்தில் வழுக்கும், அதனால்தான் முன்கை. படகு அலையில் மேலே வரும்போது அவர் சொல்வார், அப்போதுதான் கால் வைக்க வேண்டும். முதலில் ரப்பர் விளிம்பு, அடுத்து தரை, உடனே உட்கார்ந்து நகர வேண்டும். விளிம்பில் நின்று யோசிப்பவர்தான் விழுகிறார்.

கரையில் பெரும்பாலும் ஈர இறக்கம். விளிம்பில் உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து, இரண்டு காலையும் வெளியே சுழற்றி, அலை பின்வாங்கும்போது இறங்க வேண்டும். தண்ணீர் கணுக்கால் முதல் கெண்டைக்கால் வரை இருக்கும். ரப்பர் பூட்ஸ் முழங்கால் உயரம், தடித்த காலுறைக்காக ஒரு அளவு கூடுதல். நீர்புகாக் கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் பூட்ஸ் குடமாகிவிடும். பூட்ஸ் பல கப்பல்களில் இரவல் தருவார்கள், அளவை முன்பே எழுதிக்கொடுங்கள்.

உடலோடு ஒட்டிய ஆடை மெரினோ கம்பளி, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுத் தடுப்பு. பருத்தி எதுவும் வேண்டாம், நனைந்தால் காயாது. ஒன்றரை மணி நேரம் படகில் உட்காரும்போது குளிர் அடியிலிருந்துதான் ஏறும். ஒரு சாண் அகல நுரைத் துண்டு கொண்டு போங்கள், இருநூறு ரூபாய்ப் பொருள், அங்கே விலைமதிப்பில்லாதது. பெரிய பனிப்பாறைக்கு அருகே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். அதன் நீளம் அல்லது உயரத்தின் இரு மடங்கு, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி நிற்பதுதான் வழக்கம். உருகும்போது எடை மாறிச் சட்டென்று புரளும், உடைந்தால் அலை கரைவரை ஏறும்.

நடைக்கு மூன்று குழுக்கள் பிரிப்பார்கள். கரையோரக் குழுவில் சேருவதில் வெட்கம் வேண்டாம், கஸ்தூரி எருது பல நேரம் அங்கிருந்தே தெரியும். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் வகுத்த எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. பனிக்கரடி தென்பட்டால் எல்லோரும் படகுக்குத் திரும்ப வேண்டியதுதான், புகைப்படத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் கிடையாது.

மேல்கரை:

கிராமத்தில் சுமார் 350 பேர். 190 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பெயரின் பொருள் 'பெரிய வீடுகளில் வாழ்வோர்'. இதைப் பழங்காலக் கிராமம் என்று எந்த வழிகாட்டியாவது சொன்னால் திருத்துங்கள். அந்தக் கரையில் இன்றைய இனுயிட் மக்களின் முன்னோரான பழைய தூலே மக்களின் வீட்டுத் தடங்கள் உண்டு, ஆனால் இன்றைய ஊரை 1925இல் டேனிஷ் துருவ ஆய்வாளர் ஐனர் மிக்கெல்சன் நிறுவினார். தெற்கே அம்மாசாலிக் பகுதியிலிருந்து எண்பதுக்கும் சற்று மேற்பட்டவர்கள் குடிவந்தார்கள். வேட்டைக்கு நல்ல இடம் என்பது ஒரு காரணம். கிழக்குக் கரை யாருக்கு என்று டென்மார்க்கும் நார்வேயும் மோதிக்கொண்டிருந்தது இன்னொன்று. அந்த வழக்கில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு 1933இல்தான் வந்தது.

சரக்குக் கப்பல் கோடையில் ஓரிரு முறை மட்டும் வரும். பிலெர்சுயிசோக் கடையில் இருப்பதுதான் ஊரின் ஆண்டுச் சரக்கு. சாக்லேட், பழம், பால் என்று வாங்கிக் குவிக்காதீர்கள், பயணிகள் காலி செய்த அலமாரி அடுத்த கப்பல் வரை காலியாகவே இருக்கும். பணத்தை அருங்காட்சியகத்திலும் கைவினைப் பொருளிலும் செலவிடுங்கள். டேனிஷ் குரோனர் ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பனிவண்டி இழுக்கும் ஸ்லெட்ஜ் நாய்களைத் தொடாதீர்கள். சங்கிலியின் நீளத்துக்கு வெளியே நில்லுங்கள், சுற்றித் திரியும் குட்டியும் இதில் சேர்த்தி. அவை வேலை நாய்கள், வீட்டுப் பிராணிகள் இல்லை. கிரீன்லாந்து நரிகளிடம் வெறிநோய் உண்டு, கடித்தால் ஊசிக்கு ஓட அங்கே ஆஸ்பத்திரி இல்லை, சிறு சுகாதார நிலையம் மட்டுமே. கயிற்றில் காயும் தோலையும் இறைச்சியையும் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அது அந்த வீட்டின் குளிர்கால உணவு. ஆளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். 'எஸ்கிமோ' என்ற சொல் அவர்களைப் புண்படுத்தலாம், அதை ஐஸ்லாந்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நன்றிக்கு 'குயானாக்'.

முத்திரை:

விசாவில் பலர் சறுக்கும் இடம்: கிரீன்லாந்து ஷெங்கனில் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியில்) இல்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று டென்மார்க் அதிகாரிகள் குறிப்பிட்டுத் தரும் விசா தனியாக வேண்டும். ஐஸ்லாந்திலிருந்து கிளம்பிக் கிரீன்லாந்து போய் மறுபடி ஐஸ்லாந்துக்குள் நுழைவதால் ஷெங்கன் விசா ஒற்றை நுழைவாக இருந்தால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். பல நுழைவு கேளுங்கள்.

காப்பீடு: விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ பாலிசி இங்கே போதாது. நோயாளியைக் கிராமத்திலிருந்து ஹெலிகாப்டரில் நெர்லெரிட் இனாட் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்ற வேண்டும். மூடுபனி வந்தால் ஹெலிகாப்டர் எழும்பாது. பாலிசியில் கிரீன்லாந்து என்ற பெயர் இருக்கிறதா, துருவக் கப்பல் பயணத்தை விலக்கியிருக்கிறார்களா, ஏற்கெனவே உள்ள நோய்கள் சேருமா என்று மூன்றையும் பாருங்கள்.

தெற்குக்காற்று:

செப்டம்பர் என்று முடிவு செய்துவிட்டோம். நீர்மட்டக் கதவு பற்றி இன்றே எழுதிக் கேட்கிறேன். கைவினைப் பொருள் வாங்கச் சொன்னீர்கள், சுங்கத்தில் எது பிரச்சினை ஆகாது?

மேல்கரை:

கஸ்தூரி எருதின் உள்மயிரில் நூற்ற 'கிவியூட்' தொப்பி, கலைமான் கொம்பிலோ எருதுக் கொம்பிலோ செதுக்கிய 'துபிலாக்' என்னும் ஆவி உருவப் பொம்மை, மணி வேலை. இவை போதும். அதே பொம்மை வால்ரஸ் தந்தத்திலும் திமிங்கலப் பல்லிலும் இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விற்பவரிடமே எதில் செய்தது என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். நார்வால் தந்தம், பனிக்கரடி நகம், கடல்நாய்த் தோல் மூன்றையும் தொடாதீர்கள், ஊர் திரும்பும் வழியில் எங்காவது ஒரு சுங்கத்தில் போய்விடும். கரையில் கிடக்கும் எலும்பு, கொம்பு, பழைய கல் எதையும் எடுக்கக் கூடாது. 1900க்கு முந்தைய மனிதத் தடயம் எல்லாம் அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, திமிங்கல எலும்பு என்று நீங்கள் நினைப்பது யாரோ ஒருவர் வீட்டு உத்தரமாக இருக்கலாம்.