வெப்பமண்டலக் காட்டை ஒரே மர இனம் ஏன் கைப்பற்றிக்கொள்வதில்லை?

கேள்வி

வணக்கம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்திலிருந்து கணக்கெடுக்கப்பட்டுவரும் 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில், தண்டின் விட்டம் ஒரு சென்டிமீட்டரை எட்டிய ஒவ்வொரு மரமும் கன்றும் எண்ணப்படுகிறது. அங்குள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள் ஏறத்தாழ 300 இனங்களைச் சேர்ந்தவை. எல்லா மரங்களுக்கும் வேண்டியவை ஒளியும் நீரும் சில கனிமங்களும்தாம் என்றால், அவற்றைப் பெறுவதில் சற்றே மேம்பட்ட ஓர் இனம் நாளடைவில் மற்றவற்றை ஒதுக்கியிருக்க வேண்டும். தாய்மரத்தின் அடியில் விழும் விதைகளை எதிரிகள் அழிப்பதே பன்மைக்குக் காரணம் என்று படித்திருக்கிறேன். அதற்கான சான்றுகளைப் புள்ளியியல் நோக்கில் சிலர் மறுத்திருப்பதாகவும் அறிகிறேன். அக்கருத்து இன்று எந்த நிலையில் இருக்கிறது?

பதில் 1

நீங்கள் குறிப்பிடுவது ஜான்சென்–கானல் கருதுகோள். டேனியல் ஜான்சென் 1970இலும் ஜோசப் கானல் 1971இலும் தனித்தனியே முன்வைத்தது. ஒரு மரத்தின் விதைகளில் பெரும்பங்கு அதன் நிழலிலேயே விழுகிறது. ஆனால் அந்த இனத்தையே குறிவைத்து வாழும் பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் அங்கேதான் திரண்டிருக்கின்றன. ஆகவே தாயை விட்டு விலகிச் சென்ற விதைக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது, தாய்மரத்தைச் சுற்றியுள்ள இடம் பிற இனங்களுக்குக் கிடைக்கிறது, எண்ணிக்கையில் பெருகும் எந்த இனமும் தன் எதிரிகளையும் சேர்த்தே பெருக்கிக்கொள்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நேரடியான சோதனை, பெலீஸ் நாட்டுக் காட்டில் நடத்தப்பட்டு 2014இல் வெளியானது. சில சிறு பாத்திகளில் பூஞ்சைக்கொல்லியையும் வேறு சிலவற்றில் பூச்சிக்கொல்லியையும் தெளித்து, விழுந்த விதைகளையும் முளைத்த நாற்றுகளையும் ஒப்பிட்டார்கள். பூஞ்சைகளைத் தடுத்த பாத்திகளில் நாற்றுகளின் இனப்பன்மை குறைந்தது. பூச்சிகளைத் தடுத்த இடங்களில் எந்தெந்த இனங்கள் மிகுந்தன என்பது பெரிதும் மாறியதே தவிர, பன்மை அவ்வாறு சரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் ஒரு காட்டின் இனப்பன்மையைத் தாங்கி நிற்கின்றன என்பதை இவ்வளவு எளிய சோதனையால் காட்ட முடிந்ததை நான் இன்றும் வியப்போடுதான் நினைத்துப்பார்க்கிறேன்.

பதில் 2

சோதனையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. சிக்கல், பெரிய திடல்களின் கணக்கெடுப்பிலிருந்து இதே விளைவை அளக்க முற்படும்போதுதான் எழுகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் உள்ள 24 திடல்களை ஒப்பிட்டு, தன்னின நெருக்கத்தால், அதாவது அதே இன மரங்கள் அருகில் நெருங்கியிருப்பதால், விளையும் பாதிப்பு வெப்பமண்டலத்தில் வலுவாகவும் குளிர்நாடுகளில் மெலிந்தும் இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே அதற்கு மறுப்புகள் வந்தன. திடலைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்தில் எத்தனை பெரிய மரங்கள், எத்தனை கன்றுகள் என்று ஒப்பிடும் முறையில், பெரிய மரத்தின் விதை பக்கத்துச் சதுரத்தில் போய் முளைத்தால்கூட, இங்கே தாய் இருந்தும் கன்று இல்லை என்றே கணக்கு காட்டும். இந்தப் பிழை அரிய இனங்களில் மிகுதி. வெப்பமண்டலத்திலோ அரிய இனங்களே மிகுதி. ஆகவே எதிரிகளே இல்லாத காட்டிலும் அதே முடிவு கிடைத்திருக்கக்கூடும் என்பதே மறுப்பின் சாரம்.

2024இல் லிசா ஹுல்ஸ்மன் தலைமையிலான குழு, ஒரு நேரத்தில் எடுத்த எண்ணிக்கைகளை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, 23 காடுகளில் ஒவ்வொரு கன்றும் அடுத்த கணக்கெடுப்பு வரை உயிரோடு இருந்ததா என்பதைப் பின்தொடர்ந்தது. சராசரியாகப் பார்த்தால் வெப்பமண்டலத்தில் இந்த விளைவு கூடுதல் வலுவுடன் இல்லை. ஆனால் அங்கே அரிய இனங்கள், மிகுந்த எண்ணிக்கையில் உள்ள இனங்களைவிட வலுவாகத் தன்னின நெருக்கத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. குளிர்நாட்டுக் காடுகளில் அந்த ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. கருதுகோள் வீழ்ந்துவிட்டதாக இதைப் படிப்பது அவசரம். ‘வெப்பமண்டலத்தில் எதிரிகள் அதிகம், எனவே இனங்களும் அதிகம்’ என்ற சுருக்கமான வாய்பாட்டைத்தான் கைவிட வேண்டும்.

பதில் 3

கேள்வியிலேயே ஒரு திருத்தம் வேண்டும்: சில வெப்பமண்டலக் காடுகளை ஒரே இனம் கைப்பற்றிக்கொள்ளத்தான் செய்கிறது. காங்கோ வடிநிலத்தில் கில்பர்டியோடென்ட்ரான் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரம், பரந்த நிலப்பரப்புகளில் மேல்விதானத்தின் பெரும்பகுதியைத் தானே பிடித்திருக்கிறது. அதன் வேர்நுனிகளை உறைபோல் மூடிக்கொள்ளும் வேர்ப்பூஞ்சை (வேரோடு கூடி வாழ்ந்து மரத்துக்கு உதவும் பூஞ்சை) வகை, மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளுக்கு ஒரு தடையாகவும் அமையக்கூடும். வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவற்றின் வேர்ப்பூஞ்சைகள் அத்தகைய உறையை உண்டாக்காமல் வேர்ச் செல்களுக்குள் நுழைபவை. வட அமெரிக்காவின் 55 மர இனங்களைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில், உறையுள்ள வகையைச் சேர்ந்த நாற்றுகள் தம் இனத்து மரத்தடி மண்ணில் பெரும்பாலும் செழித்தன. மற்ற வகையின் நாற்றுகள் நலிந்தன. எதிரிகளை மட்டும் எண்ணிக்கொண்டு நண்பர்களை விட்டுவிடுவது இத்துறையில் நீண்டகாலம் நிலவிய குறை என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதில் 2 எழுதியவரிடம் ஒன்று: அந்த அளவீட்டுப் பிழை பெலீஸ் சோதனையைப் பாதிக்காதா?

பதில் 2 எழுதியவர்

அதே அளவுக்குப் பாதிக்காது. மருந்து தெளித்த பாத்தியிலும் தெளிக்காத பாத்தியிலும் விதைகளை எண்ணுவதில் நேரும் பிழை ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அப்பிழையால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆனால் அச்சோதனை விதை நாற்றாகும் கட்டத்தை மட்டுமே பார்த்தது. நாற்று மரமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அத்தனை காலம் ஒரு காட்டுக்குப் பூஞ்சைக்கொல்லி தெளித்துக்கொண்டிருக்க இயலாது என்பதால், அந்தத் திடல்களில் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தொடரும் கணக்கெடுப்பையே நாம் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.