நேரே "சூப்பர்டி", பின்னாலே கேலி: இந்த நட்பை என்ன செய்வது?

மல்லி:
என் தோழியும் நானும் ஒரே ஆபீஸ், ஒன்பது வருஷப் பழக்கம். சேலையோ மேனேஜருக்கு எழுதும் மெயிலோ, அவளிடம் காட்டி "நல்லாருக்கா?" என்று கேட்டால்தான் மனசு அடங்கும். "சூப்பர்டி" என்பாள். அதே மெயிலை டீ நேரத்தில் படித்துக்காட்டிச் சிரித்தாளாம். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். நேரே கேட்கவா, சத்தமில்லாமல் விலகவா? இன்னமும் அவள் வாயால் "சூப்பர்" கேட்கத் தோன்றுகிறதே, அதுதான் உறுத்துகிறது.

வேம்பு:
கேளுங்கள் மல்லி, ஆனால் நேரில், தனியாக. வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த டீக்குப் பலகாரமாக்கிவிடுவார்கள். "நீ இரட்டை வேஷக்காரி" என்று ஆரம்பித்தால் சண்டை குணத்தைப் பற்றியதாகிவிடும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "என் மெயிலைப் படிச்சுக் காட்டினியா?" உடனே "யார் சொன்னது?" என்று வரும். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஆள் பக்கம் திரும்பி, உங்கள் கேள்வி காணாமல் போகும். "அது இருக்கட்டும், படிச்சியா?" என்று ஒரே தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பொய் ரகசியம் சொல்லிச் சோதிக்கிற வேலை மட்டும் வேண்டாம். அது வெளியே பரவினால் பொய் சொன்னவர் நீங்கள்தான்.

பனையோலை:
அவர் ஒத்துக்கொண்டு வருந்தினால் நட்பு பிழைக்க வழியுண்டு. "என்னையே நம்பலையா?" என்று உங்களைக் குற்றவாளியாக்கினால் விலகுங்கள். வீட்டில் கொஞ்சிக்குலாவி மன்றத்தில் பழிப்பவரைப் பற்றி 820ஆம் குறள் "எனைத்தும் குறுகுதல் ஓம்பல்" என்கிறது. கொஞ்சமும் நெருங்காதே, அவ்வளவுதான். ஒரே ஆபீஸில் முகம் திருப்பவும் வேண்டாம். சம்பளம், வீட்டுப் பிரச்சினை, அடுத்தவரைப் பற்றிய அபிப்பிராயம் மூன்றையும் அவரிடம் நிறுத்துங்கள். வணக்கமும் வேலைப் பேச்சும் தொடரட்டும்.

தாழை:
ஏக்கத்தைப் பற்றி. பொத்தானைக் கொத்தினால் எப்போதாவது மட்டும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் ஸ்கின்னர் பரிசோதனையில் காட்டினார். இப்போது அவள் "சூப்பர்"இல் சந்தேகம் கலந்துவிட்டது. இதில் மனசு இன்னும் அதிகமாக ஒட்டும். மெயிலை எழுதியதும் "இது சரி, ஏனென்றால்..." என்று ஒரு வரி உங்களுக்காகக் குறித்துவிட்டு அனுப்புங்கள். கேட்டே ஆகவேண்டுமானால் வேலை தெரிந்த வேறொருவரிடம், "நல்லாருக்கா?" என்றில்லாமல் "எந்த வரி புரியலை?" என்று கேளுங்கள்.

மல்லி:
தாழை அக்கா, கை பரபரக்குமே?

தாழை:
முதல் சில நாள் கூடுதலாகவே பரபரக்கும்மா. அப்போது ஒரு தடவை அவளிடம் காட்டிவிட்டால், பரபரத்தால் கிடைக்கும் என்று மனசு கற்றுக்கொள்ளும். போனை மேஜை டிராயரில் வைத்துவிட்டு மெயிலை அனுப்பு.